சிலுவைப் போர்த் தொடரில் விட்டுப்போன தண்ணீர்க் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் சிலுவைப் போர்களைப் பற்றித் தொடங்கியிருக்கும் தொடரின் முதல் பகுதியைப் படித்தோம். வாள் வருகிறது, கேடயம் வருகிறது, வெள்ளைக் குதிரையும் வருகிறது. அந்தக் குதிரை என்ன தின்றது, எங்கே தண்ணீர் குடித்தது என்பது மட்டும் வரவில்லை. பள்ளிகளில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர்கள் நாங்கள். அடுத்த பகுதி அச்சேறுவதற்குள் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும் என்பதால் எழுதுகிறோம். கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லை என்று வெட்டுவதானால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், தீவனக் கணக்கை மட்டும் விட்டுவையுங்கள்.

1095 நவம்பர் 27-ல் பிரான்சின் கிளெர்மான்ட் நகரில் போப் இரண்டாம் அர்பன் ஜெருசலேமை முஸ்லிம்களிடமிருந்து மீட்க அறைகூவல் விடுத்தார், மக்கள் திரண்டு கிளம்பினார்கள் என்று கட்டுரை ஒரே வரியில் தாண்டிப் போகிறது. கிளம்புவது அத்தனை லேசாக இல்லை. போர்க்குதிரை, மாற்றுக் குதிரை, சுமைக் குதிரை, கவசம், ஏவலாட்கள், வழிச்செலவு எல்லாம் சேர்த்தால் ஒரு சாதாரணக் குதிரைவீரனுக்குத் தன் நான்கு ஆண்டு வருமானம் வேண்டியிருந்தது என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். கையில் அவ்வளவு காசு யாரிடம் இருந்தது? நிலத்தை மடாலயத்தில் அடமானம் வைத்தார்கள், அல்லது விற்றார்கள். ஊரே ஒரே சமயத்தில் விற்கக் கிளம்பினால் விலை என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டு ஏழு ஆடுகள் ஐந்து காசுக்குப் போயின என்று அக்காலத்தவர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். வழிக்கு வேண்டிய பொருள்களின் விலையோ ஏறியது. நார்மண்டியின் கோமகன் ராபர்ட் தன் நாட்டையே தம்பியான இங்கிலாந்து மன்னனிடம் 10,000 மார்க் வெள்ளிக்கு அடமானம் வைத்துவிட்டுத்தான் புறப்பட்டார். ஒரு மார்க் என்பது மூன்றில் இரண்டு பவுண்டு.

சபதம் எடுத்தவன் துணியில் சிலுவையைத் தைத்துக்கொள்வான். அதன்பிறகு போகாமல் இருந்தாலோ பாதியில் திரும்பினாலோ சபையிலிருந்து விலக்கிவைக்கப்படுவான். போனவனுடைய குடும்பத்துக்கும் சொத்துக்கும் திருச்சபை பாதுகாப்பு உண்டு என்பது சட்டம். ஆள் ஊரில் இல்லாத நிலத்தின் வரப்பு நகரும் என்பது எல்லா நாட்டிலும் நடப்பது. ப்ளுவா நாட்டுப் பிரபு ஸ்டீபன் 1098 ஜூனில் சிரியப் பகுதியில் இருந்த அந்தியோக்கியா நகரின் முற்றுகையை விட்டு ஓடி வந்தார். வீட்டில் மனைவி அடேலாவின் ஏச்சைத் தாங்க முடியாமல் 1101-ல் மறுபடியும் கிளம்பி, 1102-ல் ரம்லா போரில் செத்தார். ஊரார் பேச்சுக்குப் பயந்தே போனவர்கள் பலர் என்பதற்கு அவர் ஒருவரே சாட்சி.

இனி தீவனக் கணக்கு. உழைக்கும் குதிரை ஒன்றுக்கு நாளுக்கு ஏறத்தாழ 5 கிலோ தானியம், அதே அளவுக்கோ கூடுதலாகவோ வைக்கோல் அல்லது புல், 30 லிட்டர் தண்ணீர் வேண்டும். வெயிலில் ஓடினால் தண்ணீர் 40 லிட்டரையும் தாண்டும். சுமைக் குதிரை தூக்குவது சுமார் 100 கிலோ. அது சுமப்பது முழுக்கத் தானியம் என்றே வைத்துக்கொண்டாலும், தன் பங்காக நாளுக்கு 5 கிலோ தின்றால் 20 நாளில் மூட்டை காலி. போர்க்குதிரைக்கு ஒரு பிடி மிஞ்சாது. மாட்டு வண்டியில் ஏற்றினால் பாரம் அதிகம் போகும், ஆனால் நாளுக்கு 15 கிலோமீட்டர் தாண்டுவதே பெரும்பாடு. மலைப்பாதையில் வண்டியே ஏறாது. ஆக இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் எந்தப் படையாலும் தன் உணவைத் தானே தூக்கிச் செல்ல முடியாது. வழியில் சந்தை திறக்க வேண்டும், இல்லையென்றால் பறிக்க வேண்டும்.

1,000 குதிரைகளுக்கு மட்டும் நாளுக்கு 5 டன் தானியம், 30,000 லிட்டர் தண்ணீர். நம் தெருக்களுக்கு வரும் 12,000 லிட்டர் லாரியில் இரண்டரை லாரி. இதில் மனிதர்களைச் சேர்க்கவில்லை. வீரர்கள், காலாட்கள், பெண்கள், முதியோர், பாதிரிமார் என்று முதல் சிலுவைப் போரில் புறப்பட்டவர்கள் பல பத்தாயிரம் பேர். இவ்வளவு பேரும் ஒரே பாதையில் போனால் முன்னால் போகிறவனுக்குப் புல்லும் கிணறும் கிடைக்கும், பின்னால் வருகிறவனுக்குச் சேறும் சாணியும்தான். அதனால் படையைப் பிரித்து வேறு வேறு வழியில் அனுப்பினார்கள். பிரித்தால் எதிரிக்கு வசதி. சேர்த்து வைத்தால் பட்டினி. அந்த இருநூறு ஆண்டுகளிலும் எந்தத் தளபதியாலும் இந்தச் சிக்கலை முழுதாக அவிழ்க்க முடியவில்லை.

சந்தையில் வாங்குவதிலும் வில்லங்கம் இருந்தது. ஒவ்வொரு நாட்டு எல்லையிலும் காசு மாறும், மாற்றும்போதெல்லாம் நட்டம். பத்தாயிரம் பேர் பசியோடு வருகிறார்கள் என்று தெரிந்தால் உள்ளூர்க்காரன் தானியத்தைப் பதுக்குவான், விலையை ஏற்றுவான். உடனே கைகலப்பு, கொள்ளை, தீவைப்பு. துறவி பீட்டர் தலைமையில் 1096 ஏப்ரலில் ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து கிளம்பிய ஏழை ஜனங்கள் ஆகஸ்ட் 1-ல்தான் பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) சேர்ந்தார்கள். அதற்குள் ஹங்கேரி எல்லையிலும் பால்கனிலும் சண்டை போட்டே பலத்தில் ஒரு பங்கை இழந்திருந்தார்கள். செப்டம்பரில் அவர்களில் ஒரு கூட்டம் செரிகோர்டன் என்ற கோட்டையைப் பிடித்தது. கோட்டைக்குத் தண்ணீர் வெளியே இருந்த ஊற்றிலிருந்து. துருக்கியர் ஊற்றை வளைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். எட்டு நாள். குதிரை, கழுதைகளின் நரம்பை வெட்டி ரத்தம் குடித்தார்கள். இடுப்புக் கச்சைகளைச் சாக்கடையில் இறக்கி நனைத்து வாயில் பிழிந்துகொண்டார்கள். ஒருவர் கையில் ஒருவர் சிறுநீர் கழித்துக் குடித்தார்கள். எட்டாம் நாள் கோட்டை வீழ்ந்தது. அக்டோபரில் மிச்சக் கூட்டத்தையும் துருக்கியர் அழித்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் புறப்பட்ட பிரபுக்களின் படைக்கும் இதே பாடம் 1097 கோடையில் கிடைத்தது. ஜூலை 1-ல் தொரிலேயத்தில் வென்றார்கள் என்று கட்டுரை சரியாகவே சொல்கிறது. அதற்குப் பின் வந்த ஜூலையும் ஆகஸ்டும் அதில் இல்லை. பின்வாங்கிய துருக்கியர் வழியில் இருந்த தானியத்தை எரித்தார்கள், கிணறுகளைக் கெடுத்தார்கள். இன்றைய துருக்கியில் உள்ள அனத்தோலிய மேட்டுநிலத்தில் முள்செடியைப் பிடுங்கி உள்ளங்கையில் கசக்கி, அந்த ஈரத்தைச் சப்பிக்கொண்டு நடந்தார்கள். குதிரைகள் பெரும்பாலும் செத்தன. குதிரைவீரன் எருதின் மேல் ஏறினான், மூட்டைகளை ஆட்டின் மேலும் நாயின் மேலும் கட்டினார்கள். ஒரே நாளில் ஏறக்குறைய 500 பேர் தாகத்தால் இறந்ததாக ஒரு குறிப்பு. கடைசியில் ஆறு ஒன்று தென்பட்டபோது ஓடிப்போய் வயிறு முட்டக் குடித்து அங்கேயே செத்தவர்களும் உண்டு என்கிறது அதே குறிப்பு. வியர்வையில் உப்பையும் இழந்த உடம்புக்கு வெறும் தண்ணீரை ஒரே மூச்சில் அளவில்லாமல் கொடுக்கக் கூடாது என்பதை உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கிக் கொடுக்கும் எந்தத் தாயும் அறிவாள். அன்று அது யாருக்கும் தெரியாது.

கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தலை முதல் கால் வரை தகட்டுக் கவசம் அணிந்த வீரனைப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கவசம் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1099-ல் ஜெருசலேம் வந்தவன் அணிந்தது இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய சட்டை, மூக்குக்கு நேராக ஒரு பட்டை இறங்கும் திறந்த தலைக்கவசம். சட்டை மட்டும் 12 முதல் 15 கிலோ. அதற்கு உள்ளே பஞ்சோ கந்தலோ திணித்துத் தைத்த தடிப்பான மெத்தைச் சட்டை. வேலூரில் அக்னி நட்சத்திரத்தின்போது மதியம் கோட்டை அகழியைச் சுற்றி ஒருமுறை வெறுஞ்சட்டையோடு நடந்து பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. கவசத்தைக் கழற்றி மூட்டையில் கட்டினால் உடம்பு தப்பும், பாய்ந்து வரும் அம்பிலிருந்து தப்பாது. மழை பட்டால் துரு ஏறும். 1097 அக்டோபரில் ஆன்டி டாரஸ் மலைச்சரிவில் ஒற்றையடிப் பாதையில் மழையோடு ஏறியபோது, குதிரைகள் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தன. கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்திருந்ததால் விழுந்த விலங்கு அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போனது. வீரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஊரில் நிலத்தை விற்று வாங்கிய கேடயத்தையும் கவசத்தையும் மூன்று காசுக்கும் ஐந்து காசுக்கும் விற்றார்கள், வாங்க ஆள் கிடைக்காதவர்கள் எறிந்துவிட்டு நடந்தார்கள்.

அந்தியோக்கியா முற்றுகை 1097 அக்டோபரில் தொடங்கி எட்டு மாதம் நீடித்தது. ஆற்காட்டுக் கோட்டையில் 1751-ல் கிளைவின் படை 50 நாள் முற்றுகையில் கிடந்ததையும், சிப்பாய்கள் கஞ்சித் தண்ணீரை மட்டும் தாங்கள் குடித்துச் சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படுவதையும் நம் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அங்கே பட்டினி கிடந்தது கோட்டைக்கு உள்ளே இருந்தவர்கள். அந்தியோக்கியாவில் முதலில் பட்டினி கிடந்தது முற்றுகை போட்டவர்களே. முதல் சில வாரங்கள் திராட்சைத் தோட்டமும் களஞ்சியமும் நிறைந்திருந்தன. கண்டபடி தின்று தீர்த்தார்கள். இறைச்சியில் நல்ல பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வீசினார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் சுற்றுவட்டாரம் துடைத்துவைத்தது போலாகிவிட்டது. ஒரு கழுதைச் சுமை தானியம் எட்டு பைசாந்தியப் பொற்காசு, அதாவது அவர்கள் ஊர்க் காசில் 120 ஷில்லிங். பெருமழை கொட்டியது, கூடாரங்கள் அழுகின. சிரியாவில் வெயில் தாங்க முடியாது என்று ஊரில் சொன்னது பொய், இங்கே குளிர்காலம் நம் ஊர்க் குளிர்காலம் போலவே இருக்கிறது என்று ஸ்டீபன் அடேலாவுக்குக் கடிதம் எழுதினார். பிப்ரவரியில் சண்டைக்குப் போகத் தகுதியான குதிரை 700 தான் தேறியது.

1098 ஜூனில் உள்ளே இருந்த ஒருவன் வழிவிட்டதால் நகரம் கைக்கு வந்தது. நாலே நாளில் மோசூல் அதிபர் கெர்போகாவின் படை வந்து வெளியே வளைத்துக்கொண்டது. உள்ளே தானியம் இல்லை, எட்டு மாதமாக அதைத் தீர்த்தவர்கள் இவர்களே. கோழி 15 ஷில்லிங், முட்டை 2 ஷில்லிங், ஒரு வாதுமைக்கொட்டை ஒரு காசு. அத்தி இலை, திராட்சை இலை, முள்செடி எல்லாவற்றையும் வேகவைத்தார்கள். பிறகு காய்ந்த தோல். ஒட்டகம், எருது, கழுதை ஆகியவற்றின் பழைய தோலை வெந்நீரில் ஊறப்போட்டு, மிளகும் சீரகமும் கிடைத்தவர்கள் அதையும் சேர்த்து வேகவைத்துத் தின்றார்கள்.

இந்தத் தோல் சமாசாரத்தை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வாசகர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள். பதனிடாத, வெயிலில் உலர்த்திய பச்சைத் தோல் என்றால் ஊறவைத்தால் இளகும், வேகவைத்தால் பசை போல ஆகும், வயிற்றில் ஏதோ நிற்கும். பட்டைச்சாறு ஏறிய தோல் அப்படி இளகாது, அதைத் தின்றவனுக்கு வயிற்றுவலிதான் மிச்சம். பசியில் கேடய உறையையும் செருப்பையும் வேகவைத்தவனுக்கு இந்த வேறுபாடு புரிந்திருக்க நியாயமில்லை.

அதே தோல் ஜெருசலேமில் வேறு உருவில் வந்தது. 1099 ஜூன் 7-ல் படை அங்கே சேர்வதற்கு முன்பே நகரத்தின் ஆளுநர் வெளியில் இருந்த கிணறுகளை மூடியும் கெடுத்தும் வைத்திருந்தார். பக்கத்தில் இருந்த ஒரே நீர் சீலோவாம் குளம். அதுவும் விட்டுவிட்டு ஊறும் ஊற்று. ஊறும் நேரத்தில் ஆளும் மாடும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தார்கள், விழுந்த விலங்கு அங்கேயே கிடந்து அழுகியது. வலுத்தவன் சுரக்கும் இடத்தில் தெளிந்த நீரைக் குடித்தான், இளைத்தவனுக்குக் கலங்கல். கலங்கலில் இருந்த அட்டையை விழுங்கித் தொண்டை வீங்கிச் செத்தவர்களும் உண்டு. மற்றபடி ஆறு மைல் தள்ளியிருந்த ஊற்றுகளிலிருந்து எருதுத் தோலிலும் எருமைத் தோலிலும் தைத்த பைகளில் தண்ணீர் வந்தது. அந்தத் தோல்கள் அப்போதுதான் உரித்தவை. சுண்ணாம்புக் குழியும் இல்லை, பட்டைத் தொட்டியும் இல்லை. உள்பக்கம் ஒட்டியிருக்கும் சவ்வையும் கொழுப்பையும் வழித்தெடுக்காத தோலில் கோடை வெயிலில் தண்ணீரைக் கட்டி ஆறு மைல் சுமந்தால் அது எந்த நிலையில் வந்து சேரும் என்று தோல் ஷாப்பில் வேலை பார்த்தவரைக் கேட்டால் சொல்வார். அந்த நாற்றத் தண்ணீரும் பார்லி ரொட்டியும்தான் ஐந்து வாரச் சாப்பாடு. தண்ணீர் எடுக்கப் போனவர்களுக்கு வழியில் பதுங்கியிருந்தவர்களின் அடி வேறு. குதிரைகளையும் மாடுகளையும் மைல் கணக்கில் ஓட்டிப்போய்த் தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது. செத்த விலங்குகளின் நாற்றம் பாசறையைச் சூழ்ந்தது.

மதில் ஏற ஏணியும் கோபுரமும் வேண்டும், சுற்றிலும் மரமே இல்லை. ஜூன் 17-ல் யாஃபா துறைமுகத்துக்கு வந்த ஜெனோவாக் கப்பல்களைப் பிரித்து, பலகை, ஆணி, கயிறு, தச்சர்கள் எல்லாவற்றையும் மலைமேல் கொண்டுவந்த பிறகே கோபுரங்கள் எழுந்தன. ஜூலை 15-ல் நகரம் வீழ்ந்தது. அன்றும் மறுநாளும் உள்ளே இருந்த முஸ்லிம்களும் யூதர்களும் கொன்று குவிக்கப்பட்டார்கள். 1096-லேயே ரைன் ஆற்றங்கரை நகரங்களில் யூதர்களை வெட்டிவிட்டுத்தான் சில கூட்டங்கள் பயணமே தொடங்கின. 1098 டிசம்பரில் மாரா நகரைப் பிடித்த பிறகு பசியில் பிணத்தைத் தின்றதை அவர்கள் தரப்பு ஆட்களே எழுதிவைத்தார்கள். வழிப்போக்கின் துன்பங்களை இவ்வளவு விரிவாகச் சொல்லிவிட்டு, அந்தப் பாதையில் வீடு வாசல் வைத்திருந்தவர்களின் பாட்டைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான் பிள்ளைகளுக்குப் போகும்.

ஒரே மாதிரி வெயில், ஒரே எதிரி, ஏறக்குறைய ஒரே மாதிரிப் படை. ஒன்று தோற்றது, ஒன்று வென்றது. மாணவர்களுக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். 1187 ஜூலை 3-ல், சிலுவைப் போர்க்காரர்கள் நிறுவிய ஜெருசலேம் அரசின் படை, சுமார் 1,200 குதிரைவீரர்களோடு சேர்த்து ஏறத்தாழ 20,000 பேர், சஃபூரியாவின் ஊற்றுகளை விட்டுத் திபேரியாவை நோக்கி நடந்தது. தூரம் 25 கிலோமீட்டரைச் சுற்றித்தான். வழியில் இருந்த துரான் ஊற்றையும் தாண்டிப் போனார்கள். எகிப்து, சிரியாவின் சுல்தான் சலாவுதீனின் குதிரை வில்லாளிகள் பின்படையை விடாமல் கொத்தியதால் நடை தேங்கியது, இரவு தண்ணீரில்லாத மேட்டில் தங்க நேர்ந்தது. எதிர்ப்பக்கத்துக்கு கலிலேயா ஏரியிலிருந்து ஒட்டகங்கள் தண்ணீர் சுமந்து வந்தன. காலையில் காற்றின் திசை பார்த்துக் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள். ஜூலை 4 மதியத்துக்குள் ஹத்தின் குன்றடியில் கதை முடிந்தது, மன்னரும் பிடிபட்டார்.

நான்கு ஆண்டு கழித்து 1191 ஆகஸ்ட் கடைசியில் இங்கிலாந்து மன்னன் ரிச்சர்ட் அக்ரே துறைமுகத்திலிருந்து யாஃபாவுக்கு நடந்தார். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். கடலோரமாகவே நடை. வலப்பக்கம் கடலில் கப்பல்கள் ரொட்டியும் தீவனமும் ஏற்றிக்கொண்டு கூடவே வந்தன. வெயில் ஏறுமுன் நடை முடியும், பல நாள் ஒருநாள் நடந்தால் மறுநாள் ஓய்வு. காலாட்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேர் நிலப்பக்கம் அம்பைத் தாங்க, பாதிப் பேர் கடல்பக்கம் மூட்டை சுமந்து இளைப்பாறி, முறை மாற்றிக்கொண்டார்கள். துணி துவைக்கும் பெண்களைத் தவிர வேறு பெண்கள் வரக் கூடாது என்று கட்டளை. துவைப்பதோடு பேன் பார்ப்பதும் அவர்கள் வேலை. செப்டம்பர் 7-ல் அர்சூஃபில் தாக்குதல் வந்தபோது குதிரைகளிடம் பாய்வதற்குத் தெம்பு இருந்தது. ரிச்சர்டின் வீரத்தைப் பற்றிப் பாடல்கள் உண்டு. அவர் புறப்படுமுன் ஐம்பதாயிரத்துக்கும் மேல் குதிரை லாடம் வாங்கிய கணக்கு இங்கிலாந்து அரசுக் கணக்கேட்டில் இருக்கிறது. எங்களுக்கு அந்தக் கணக்கேட்டின் மேல்தான் மதிப்பு அதிகம்.

தரைவழியின் ஆபத்துக்கு இன்னும் இரண்டு சான்று போதும். 1147 செப்டம்பரில் கான்ஸ்டான்டினோபிளுக்கு அருகே தாழ்வான புல்வெளியில் பாசறை போட்ட ஜெர்மன் மன்னர் கொன்ராடின் படையை ஒரே இரவு வெள்ளம் வாரிக்கொண்டு போனது. 1190 ஜூன் 10-ல் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா, பெரும்படையைத் துருக்கியர் நடுவே பத்திரமாகக் கடத்திக் கொண்டுவந்த பிறகு, சாலேஃப் ஆற்றில் மூழ்கி இறந்தார். படை சிதறியது, எஞ்சியவர்களில் மிகச் சிலரே அக்ரே போய்ச் சேர்ந்தார்கள்.

கப்பல் இதற்குப் பரவாயில்லை என்று தோன்றும். காசு உள்ளவனுக்குப் பரவாயில்லை. 1148-ல் அத்தாலியா துறைமுகத்தில் பிரெஞ்சு மன்னர் ஏழாம் லூயிக்குக் கிடைத்த கப்பல்கள் போதவில்லை. மன்னரும் பிரபுக்களும் ஏறிக்கொண்டார்கள், காலாட்களைக் கரையில் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் நோயிலும் துருக்கியர் கையிலும் மாண்டார்கள். கப்பலுக்குள் ஒரு ஆளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ இரண்டடி அகலம், ஆறடி நீளம். தலைமாட்டில் அடுத்தவன் கால். குதிரை ஏற்ற கப்பலின் பக்கத்தில் கதவு வைத்திருப்பார்கள். குதிரைகள் ஏறியதும் கதவை மூடி, பீப்பாய்க்கு அடைப்பது போல இடுக்குகளை அடைத்துவிடுவார்கள், ஏனென்றால் கடலில் போகும்போது அந்தக் கதவு முழுக்க நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். குதிரை படுக்கக் கூடாது. வயிற்றுக்கு அடியில் பட்டை கொடுத்துத் தொங்கலாக நிறுத்திவைப்பார்கள். வாரக்கணக்கில் நின்றே வந்த குதிரையை இறக்கிய அன்றே ஏறிச் சண்டைக்குப் போக முடியாது, கால் கூடிவரச் சில நாள் நடத்தவேண்டும். 1190-ல் பிரான்சின் இரண்டாம் பிலிப் ஜெனோவாவோடு போட்ட ஒப்பந்தத்தில் 650 குதிரைவீரர், 1,300 ஏவலர், 1,300 குதிரை, எட்டு மாத உணவு, நாலு மாதத்துக்குத் திராட்சை மது என்று எழுதி 5,850 மார்க் விலை பேசியிருக்கிறார்கள். இப்படி முன்கூட்டியே பேசியவர் பிழைத்தார்.

பேசியும் கெட்டவர் உண்டு, அதுவும் நோயால். பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி அளவுக்கு ஏற்பாடு செய்த மன்னர் வேறு யாருமில்லை. 1248-ல் அவர் சைப்ரஸ் தீவில் இறங்குமுன்பே அங்கே மதுப்பீப்பாய்களை வீட்டு உயரத்துக்கு அடுக்கி, கோதுமையையும் பார்லியையும் வெட்டவெளியில் மலைபோல் குவித்து வைத்திருந்தார்கள். மழை பட்டு மேல்தானியம் முளைவிட்டுப் பச்சைப்பசேல் என்று புல் குன்றாகத் தெரிந்ததாம். எகிப்துக்குப் புறப்படும்போது அந்த மேலோட்டை விலக்கிப் பார்த்தால் உள்ளே தானியம் புதிதாக அடித்தது போலவே இருந்தது. இவ்வளவும் இருந்து என்ன? 1249 ஜூனில் டாமியெட்டாவைப் பிடித்தவர்கள் நைல் வெள்ளம் வடியும்வரை நவம்பர் வரை காத்திருந்தார்கள். 1250 பிப்ரவரியில் மன்சூராவில் சிக்கினார்கள். டாமியெட்டாவிலிருந்து உணவு ஏற்றி வந்த படகுகளை எகிப்தியர் ஆற்றில் மறித்துப் பிடித்தார்கள். ஈஸ்டர் சமயத்தில் பாசறையில் ஒரு மாடு 80 லிவ்ர் (பிரெஞ்சுப் பணம்), ஆடு 30, முட்டை ஒன்று 12 காசு. தவக்காலம் என்பதால் மீன் தின்றார்கள். கிடைத்தது ஆற்றில் மிதந்த பிணங்களைத் தின்று கொழுத்த மீன்.

அங்கே வந்த நோயை உடனிருந்த பிரபு ஒருவர் வரி வரியாக வர்ணித்திருக்கிறார். கால் சதை வற்றிச் சுருங்கியது, தோலில் கறுப்பும் மண்நிறமுமாகப் புள்ளிகள், பழைய பூட்ஸ் தோல் போல. ஈறு அழுகி வளர்ந்து பல்லை மூடியது. மென்று விழுங்க முடியாததால் நாவிதர்கள் அந்தச் செத்த சதையை அறுத்து எடுத்தார்கள், பாசறை முழுக்க அலறல். மூக்கில் ரத்தம் வந்தால் ஆள் பிழைக்க மாட்டான். இது ஸ்கர்வி. பச்சைக் காய், கீரை, பழம் இல்லாமல் இரண்டு மூன்று மாதம் போனால் வைட்டமின் சி தீர்ந்து வருவது. அவர்கள் பிணம் தின்ற மீனைக் குற்றம் சொன்னார்கள். 1218-19 குளிர்காலத்தில் இதே டாமியெட்டாவுக்கு வெளியே ஐந்தாம் சிலுவைப் போர்ப் பாசறையிலும் இதே நோய் வந்து போயிருந்தது, ஒருவரும் காரணம் கண்டுகொள்ளவில்லை. கையில் நெல்லிக்காய் இருந்திருந்தால் போதும் என்று சொல்லத் தோன்றுகிறது, அதை அவர்களிடம் சொல்லத்தான் ஆளில்லை.

மன்னருக்குச் சீதபேதி. அடிக்கடி ஒதுங்க வேண்டியிருந்ததால் கால்சட்டையின் அடிப்பகுதியையே வெட்டிவிட்டார்கள். ஏப்ரலில் படையோடு பிடிபட்டார். 4 லட்சம் லிவ்ர் மீட்புத் தொகை பேசி, பாதியை எடை போட்டு எண்ணிக் கொடுக்கவே இரண்டு நாள் ஆனது. 1270-ல் மறுபடி கிளம்பி, ஆகஸ்ட் 25-ல் துனிஸ் நகருக்கு வெளியே அதே வயிற்றுநோயில் இறந்தார்.

சீதபேதி கட்டுக்கதை இல்லை. அக்ரே நகரின் அக்காலக் கழிவறைக் குழிகளை ஆராய்ந்தபோது அமீபா சீதபேதிக் கிருமியின் தடயமும் குடற்புழு முட்டைகளும் கிடைத்தன. 1189 முதல் 1191 வரை அந்த நகரின் முற்றுகையில் வாளால் சாகாமல் நோயால் செத்தவர்களில் ஜெருசலேம் அரசி சிபில்லாவும் அவருடைய இரு பெண் குழந்தைகளும் உண்டு. ரிச்சர்டுக்கும் பிலிப்புக்கும் முடியும் நகமும் உதிரும் ஒரு காய்ச்சல் வந்தது. மருத்துவமே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. ஜெருசலேமில் புனித யோவான் சபையாரின் ஆஸ்பத்திரிக்கு 1182-ல் எழுதிய விதிகளில், சிறுநீரைப் பார்த்து நோய் அறியும் நான்கு வைத்தியர்கள் வேண்டும், நோயாளி புரண்டு படுக்க வசதியான அகலக் கட்டில் வேண்டும், கழிவறைக்குப் போய்வர ஒவ்வொருவருக்கும் மேலங்கியும் பூட்சும் வைக்க வேண்டும் என்று இருக்கிறது. இரவில் எத்தனை முறை எழுந்து போனார்கள் என்பதை எழுதியவர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டில்கள் ஜெருசலேமில் இருந்தன, செத்தவர்கள் வழியிலும் பாசறையிலும் செத்தார்கள்.

முடிவாக வரைபடம். வெனிஸிலிருந்து ஜெருசலேமுக்கு நேராக ஒரு கப்பல் கோடு வரைந்திருக்கிறீர்கள். ஜெருசலேமுக்குக் கடல் இல்லை. யாஃபாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் உள்ளே, சுமார் 750 மீட்டர் உயர மலையில் இருக்கிறது. கோடு யாஃபாவிலோ அக்ரேயிலோ முடிய வேண்டும், அங்கிருந்து நடை. குளிர்காலத்தில் மத்தியதரைக் கடலில் கப்பல் விடமாட்டார்கள் என்பதால், இலையுதிர் காலத்தில் துறைமுகம் வந்தவன் வசந்தம் வரை அங்கேயே தின்று கொண்டிருக்க வேண்டும் என்பதையும் ஓரத்தில் ஒரு வரி போடலாம். நான்காம் சிலுவைப் போரின் அம்புக்குறி கான்ஸ்டான்டினோபிளில் போய் நிற்பதைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். 1201-ல் 33,500 பேருக்கும் 4,500 குதிரைக்கும் 85,000 மார்க் என்று வெனிஸோடு பேசிக் கப்பல் கட்டச் சொன்னார்கள். குறித்த நாளில் வந்து சேர்ந்தது மூன்றில் ஒரு பங்கு ஆட்கள். 34,000 மார்க் பாக்கி விழுந்தது. அந்தக் கடனுக்கு ஈடாகத்தான் 1202-ல் வெனிஸுக்காகக் கிறிஸ்தவ நகரமான சாராவைத் தாக்கினார்கள், அங்கிருந்து, பணம் தருகிறேன் என்ற ஒரு பைசாந்திய இளவரசனின் பேச்சை நம்பிக் கான்ஸ்டான்டினோபிளுக்குப் போய், 1204-ல் அதையும் கொள்ளையடித்தார்கள். அடுத்த பகுதியில் இந்தப் பாக்கித் தொகையையும் அம்புக்குறிக்குப் பக்கத்தில் அச்சிட வேண்டுகிறோம். தகட்டுக் கவசப் படத்துக்குப் பதில் வளையச் சட்டைப் படம் ஒன்றைத் தேடிப் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்கள் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.